அடுப்படிச் சுவரில் ஏறிய தேமல்

தையற்காரியின் முழங்கையில் இருந்த தேமல், டாக்டரிடம் போகிற நாளில் அடுப்படிச் சுவருக்குப் போய்விடும். அவள் செருப்பை மாட்டும்போதே கை சுத்தமாகிவிடும். திரும்பி வந்து கழற்றினால் உள்ளங்கை அகலத்துக்கு வெளுப்பாக மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கும். வெறும் தோலைப் பார்த்து டாக்டர்கள் என்ன எழுதுவார்கள்? ஒருவர் அலர்ஜி என்றார், ஒருவர் சத்துக் குறைவு என்றார், இன்னொருவர் மனசு சரியில்லை என்று தூக்க மாத்திரை எழுதினார். தெரியாது என்று வாயைத் திறந்து சொன்ன டாக்டரை இந்தத் தெரு கண்டதில்லை. மருந்துக்கடைக்காரர் தன் பங்குக்குப் படர்தாமரைக் களிம்பு கொடுத்தார். மாமியார், "வேலைக்கள்ளிக்குப் பிள்ளை மேல சாக்கு, இவளுக்குத் தோல் மேல சாக்கு" என்றாள். இதற்குள் சுண்டுவிரல் மரத்துப்போய் மடங்கத் தொடங்கியிருந்தது. மெஷின் ஊசி விரலில் இறங்கியதைத் துணியில் ரத்தம் பரவிய பிறகுதான் பார்த்தாள். அவளுக்குக் கை போனால் பிழைப்புப் போச்சு.

புதிதாக வந்த தோல் டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றும் இல்லை, வீட்டில் இருக்கிறதென்றால் வீட்டுக்கே வருகிறேன் என்றாள். வருகிற நாள் காலையிலேயே தேமல் சுவரில் ஏறிவிட்டது. புருஷன் பெயிண்டர். படித்தவர்கள் வருகிற வீட்டில் சுவர் இப்படியா இருப்பது என்று கூச்சப்பட்டு, நீலப் பெயிண்டை இரண்டு கோட் அடித்தான். சுவர் முழுக்கப் பெயிண்டைக் குடித்தது. தேமல் மட்டும் துப்பிவிட்டது. அதுவரை சுண்ணாம்பு வெள்ளையில் பிடிபடாத அதன் ஓரம் கோடு போட்டதுபோல் தெரிந்தது.

டாக்டரம்மா அசரவில்லை. தையற்காரியை முன்னறையில் கண்ணை மூடி உட்கார வைத்துவிட்டு, பஞ்சைத் திரித்துச் சுவரைத் தொட்டாள். நீலத்தில் தொட்டபோதெல்லாம் முன்னறையிலிருந்து "கையில" என்று குரல் வந்தது. தேமலில் தொட்டபோது சத்தமில்லை. கொஞ்சம் பொறுத்துத் தையற்காரியே, "தொட்டீங்களா?" என்று கேட்டாள். பூச்சுக்கு அடியில் நரம்பு ஒன்று கயிறுபோல் தடித்து ஓடியது. டாக்டரம்மா ஓரத்தில் பிளேடால் லேசாகக் கீறி, கசிந்ததைக் கண்ணாடிச் சில்லில் தடவிக்கொண்டு போனாள். சோதனையில் கிருமி இருந்தது.

"தொழுநோய்மா. மனசுல ஒண்ணும் இல்ல" என்று டாக்டரம்மா வந்து சொன்னபோது மாமியார் தன் தட்டைத் தனியாக எடுத்து வைத்தாள். மாத்திரை போட ஆரம்பித்தால் யாருக்கும் ஒட்டாது என்று விளக்கிய பிறகும் கொஞ்ச நாள் அது தனியாகவே இருந்தது.

ஒரு வருஷம் மாத்திரை. மாத்திரைச் சாயத்தில் மூத்திரம் சிவப்பாகப் போனது. உடம்பு கறுக்கும் என்று சொல்லியிருந்தார்கள், கறுத்தது சுவர்தான். கீறிய நாளிலிருந்து தேமல் கைக்குத் திரும்பவில்லை, அங்கேயே தங்கிவிட்டது. விரல் அதற்குமேல் மடங்கவில்லை.

மாத்திரை முடிந்த மாதம், கறுப்பை மறைக்க முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டலாம் என்று புருஷன் தேமலின் நடுவில் ஆணியை வைத்து ஓர் அடி அடித்தான். மெஷினில் இருந்தவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுங்க" என்றாள். அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். நம்பிக்கை வராமல் சுவரை ஒரு முறை கிள்ளிப் பார்த்தான்.

"கை சும்மா இருக்காதா உங்களுக்கு?" என்றாள்.

கண்ணாடியை எதிர்ச் சுவரில் மாட்டினார்கள்.