குருவிக் கட்டை

சுவரைப் பார்த்து, குழந்தைகளுக்கு முதுகைக் காட்டி நின்றாள் பியானோ டீச்சர். பின்னால் ஒரே கிசுகிசுப்பு. விளையாட்டு அவளே கண்டுபிடித்ததுதான். பியானோவின் இடது கோடியில் உறுமும் கட்டைகள் யானை வீடு, அடுத்தது மாடு, நடுவில் பூனை, அதற்கு மேலே கிளி, வலது கோடியில் குருவி. ஒருவர் ஒரு கட்டையை அமுக்க, திரும்பி நிற்பவர் எந்த வீட்டுச் சத்தம் என்று சொல்ல வேண்டும். பாடம் என்றால் கொட்டாவி விடும் வாண்டுகள், இதற்கென்றால் ஒற்றைச் செருப்போடு உள்ளே ஓடிவரும். ‘மிஸ்ஸும் திரும்பி நிக்கணும்’ என்பது குழந்தைகள் சேர்த்த விதி. நல்ல யோசனை என்று அன்றைக்குத் தலையாட்டியவள் இவளேதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது வேறென்ன?

குருவிக் கட்டைகள் கெட்டுவிட்டன என்று போன மாதம் சுருதி சேர்ப்பவரை வரவழைத்தாள். அவர் கடைசிக் கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டினார்.

“கணீர்னு பேசுதேம்மா. இதுக்கா என்னை வரச் சொன்னீங்க?”

அவள் காதில் விழுந்தது கட்டை அடியில் மோதும் ‘டொக்’ மட்டுந்தான். “ஆமாமா, இப்ப சரியாயிடுச்சு” என்று சிரித்து மழுப்பினாள். காது டாக்டரிடம் போகவும் பயம். அவர் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். காது கேட்காத பியானோ டீச்சரை எவர் வைத்துக்கொள்வார்? இன்று குருவி போயிற்று, நாளை கிளி போகும், அப்புறம் பூனை. கடைசியில் யானையோடு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

அதன்பின் விளையாட்டில் சத்தம் கேட்காதபோதெல்லாம் ‘குருவி’ என்று சொல்லி ஒப்பேற்றினாள். போன வாரம் வாலு அதிலும் மண்ணைப் போட்டாள். வாலு என்பது வகுப்பே வைத்த பெயர். முன்பல் இரண்டும் இல்லாத பெண். டீச்சர் ‘குருவி’ என்றதும், “நான் அமுக்கவே இல்லியே மிஸ்” என்றாள். எல்லாம் கொல்லென்று சிரித்தன. “அதான் பறந்துபோச்சு” என்று டீச்சரும் சேர்ந்து சிரித்தாள். வாலு மட்டும் சிரிக்காமல் அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து டீச்சர் புதுக் கணக்கு ஒன்று வைத்துக்கொண்டாள். டொக் மட்டும் கேட்டால் குருவி. டொக்கும் இல்லையென்றால் ஏமாற்று.

இன்று வகுப்பைப் பார்க்கப் பெரிய மிஸ் வந்திருந்தார், பள்ளியை நடத்துபவர். வந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஏசியைப் போட்டார். பழைய ஏசி, லாரி மாதிரி இரைந்தது. “நீங்க நடத்துங்க, நான் சும்மா உக்காந்து பாக்கறேன்” என்றார். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். இவளுக்குக் கனமெல்லாம் காதில்.

வாலுவின் முறை வந்தது. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏசியின் இரைச்சல்தான் கேட்டது. டொக் கேட்குமா என்று காத்திருந்தாள். இல்லை. கிசுகிசுப்பும் அடங்கிப்போயிற்று. பாவி, பெரிய மிஸ் முன்னாலும் அதே குறும்பா?

“நீ அமுக்கவே இல்ல” என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

யாரும் சிரிக்கவில்லை. அவள் திரும்பினாள்.

வாலுவின் விரல் ஒரு கட்டையை ஆழ அமுக்கியபடி இருந்தது. குருவி வீட்டில்கூட இல்லை, கிளி வீட்டில். ஒரு பையன் வாயைத் திறந்தான். வாலு அவன் காலை மிதித்தாள்.

“ஆமா மிஸ். சும்மா ஏமாத்துனேன்.”

நாற்காலியிலிருந்து பெரிய மிஸ் மெல்ல எழுந்தார். அவர் பார்வை டீச்சர் மேல் இல்லை. வாலுவின் விரல் மேல் இருந்தது. விரலை எடுத்தால் அமுக்கியது தெரிந்துவிடும் என்று வாலு நினைத்தாளோ என்னவோ, நகம் வெளுக்க அந்தக் கட்டையை இன்னும் அமுக்கிக்கொண்டே நின்றாள்.