அத்தானை வாங்கில் இருத்துவது

ஒரு கூடைப்பந்துக் கழகத்துக்கு நீர்க்காகங்கள் என்று பெயர் வைத்தால் இப்படித்தான். வென்றால் நீர்க்காகம், தோற்றால் வெறும் காகம் என்று ஊர் சொல்லத்தான் செய்யும். அந்த வருடம் மட்டக்களப்பு முழுக்கக் காகம் என்றே சொன்னது. பயிற்றுவிப்பாளர் உதயரூபன் மோட்டார் சைக்கிளில் கல்லடிப் பாலம் ஏறினால், தூண்டில் போட்டுக்கொண்டு நிற்பவர்கள் காகம் மாதிரிக் கரைந்து காட்டினார்கள். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் ஒப்புக்காவது சிரிக்க வேண்டும். சிரிப்பு வந்தால்தானே.

தோல்வி நேர்மையான தோல்வியாக இருந்தால் மனம் ஆறிவிடும். இவர்களோ மூன்றாம் கால் பகுதி முடியும்வரை முன்னுக்கு நிற்பார்கள். அரங்கத்தில் பறை அடிக்கத் தொடங்கிவிடும். நாலாம் கால் பகுதியில் எல்லாம் கைவிட்டுப் போகும். வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைவதை ஒருமுறை பார்க்கலாம். கிழமைக்குக் கிழமை காசு கொடுத்து யார் பார்ப்பது?

கழகத்தின் முதலாளி பாஹிமுக்கு ஏறாவூரில் துணிக்கடை. கூடைப்பந்து என்றால் சோறு தண்ணி வேண்டாத மனுசன். அவருக்கே பொறுமை போய்விட்டது. கடைக்குப் பின்னாலிருந்த அறைக்கு எல்லாரையும் கூப்பிட்டு, பிளேன்ரீ கொடுத்து, கதவைச் சாத்தினார்.

"ஏன் தோக்கிறம், வெல்லுறதுக்கு என்ன செய்யணும், ரெண்டையும் சொல்லுங்க. கடைசி ஆட்டம் இஞ்சதான் நடக்கப்போகுது. அதையும் தோத்தா அடுத்த வருசம் கழகம் கொழும்புக்குப் போகும். அங்க ஒரு பங்காளி கேட்டுட்டு இரிக்கார். வெண்டா இஞ்சதான். நான் பேச்சு மாறமாட்டன்."

உதயரூபன் கையிலிருந்த பிளேன்ரீயைக் கீழே வைத்தான். கத்தாரில் இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு வந்தது இந்தக் கழகத்துக்காக. சொந்த ஊரில், சொந்தச் சனத்துக்கு முன்னால், சம்பளத்துக்கு ஆடும் ஒரு அணி. அது கொழும்புக்குப் போனால் பெயர் மட்டும் மிஞ்சும். அவனும் மிஞ்சமாட்டான், பொடியன்மாரும் மிஞ்சமாட்டார்கள்.

ஒவ்வொருவரும் காரணம் சொன்னார்கள். கச்சான் காற்று உடம்பை உலர்த்திவிடுகிறது என்றான் ஒருவன். தரை வழுக்குகிறது என்றான் இன்னொருவன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கண்ணூறு, நாவூறு என்று சொன்னவனும் உண்டு. ஆட்டத்தில் பந்தை முன்னுக்குத் தட்டிக்கொண்டு வரும் நிலோஜன், சித்தாண்டிப் பொடியன், அணியிலேயே குறி தப்பாத கை அவனுக்குத்தான். அவன் அணித்தலைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அணித்தலைவர் சதீசன் தொண்டையைச் செருமினார். "பொடியன்மாருக்கு மூச்சுக் காணாது, முதலாளி. நல்லா ஓட விடணும்."

"கோச் என்ன சொல்றீங்க?" என்றார் பாஹிம்.

உதயரூபன் விரலில் கிடந்த மோதிரத்தைத் திருகினான். "ஓம். ஓட விடணும்," என்றான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அது இதுதான். காரணம் அவனுக்குத் தெரியும். ஆட்டங்களின் வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் அவன். சதீசன் முப்பத்தாறு வயதில் இன்னும் அழகாக ஆடுகிறார், ஆனால் மூன்று கால் பகுதிக்குத்தான். அதற்குப் பிறகு வலது முழங்கால் மடங்காது. எதிரணி அவர் பக்கமாகவே புகுந்து கூடை போட்டுவிட்டுப் போகும். அதுகூடப் பெரிதில்லை. நெருக்கடி வந்தவுடன் நம் பொடியன்மார் பந்தை அவருக்கே கொடுப்பார்கள். அண்ணன் நிற்கும்போது தம்பி கூடைக்கு எறிவதா? அது வளர்ப்பில் வந்தது, பயிற்சியில் போகாது. இது எதிரணிக்கும் தெரிந்துவிட்டது. கடைசி நேரத்தில் இரண்டு பேர் முன்கூட்டியே போய் சதீசனுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார்கள்.

மருந்தும் தெரியும். நாலாம் கால் பகுதியில் சதீசனை வெளியே எடுத்து, ஓரத்தில் மாற்று ஆட்டக்காரர் குந்தியிருக்கும் வாங்கில் இருத்த வேண்டும். அவ்வளவுதான். ஆனால் பூனைக்கு மணி கட்ட வேண்டியவன் உதயரூபன், பூனையோ அவனுடைய அத்தான்.

அக்கா அஜந்தாவின் கலியாணத்தில் உதயரூபன்தான் மாப்பிள்ளைத் தோழன். வாசலில் குனிந்து செம்பில் தண்ணீர் வார்த்து மாப்பிள்ளையின் கால் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனவன். அதற்காக மாப்பிள்ளை போட்ட மோதிரம்தான் விரலில் கிடப்பது. அன்று அவனுக்கு மீசை அரும்பவில்லை. கால் கழுவிக் கூட்டிவந்த மனுசனைக் கையைக் காட்டி வெளியே வா என்று சொல்வது எப்படி? அதுவும் ஊர் பார்த்திருக்க? அத்தானின் பெயரைக்கூட அவன் வாயால் சொன்னதில்லை. போதாக்குறைக்கு, வீடு பெண்பிள்ளைக்கு என்பது இந்த ஊர் வழக்கம். பிறந்த வீடு அக்காவுக்குச் சீதனமாகப் போய்விட்டது. கத்தாரிலிருந்து வந்த தம்பி தங்கியிருப்பது அந்த வீட்டில், சாப்பிடுவது அத்தானோடு ஒரே மேசையில்.

ஆகவே ஓடவிட்டான். கல்லடிக் கடற்கரை மணலில், கச்சான் வீசுகிற பின்நேரத்தில், பொடியன்மாரை நாக்கு வெளியே தள்ளும்வரை ஓடவிட்டான். குற்றம் செய்யாதவர்களுக்குத் தண்டனை கொடுக்கிறோம் என்று தெரிந்தே செய்தான். இதில் இன்னொரு கூத்து, சதீசனும் சேர்ந்து ஓடினார். தலைவன் கரையில் நிற்கலாமா என்று கேட்டு, மணலில் கால் புதையப் புதைய ஓடினார். அடுத்த ஆட்டம் கொழும்பில். பொடியன்மாருக்கு ஓடிய களைப்பு, அத்தானுக்கு வீங்கிய முழங்கால். முன்னெல்லாம் நாலாம் கால் பகுதியில்தான் தோற்றார்கள், இந்தமுறை மூன்றாம் கால் பகுதியிலேயே முடித்துக்கொண்டார்கள். அதை முன்னேற்றம் என்று சொல்ல ஏலாது.

அதற்குப் பிறகு உதயரூபனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாவிக்கரை வழியாகப் போனான், வந்தான், திரும்பவும் போனான். அத்தானிடம் சொல்ல வாயெடுத்தால் அவர் இறால் பொரியலை இவன் பக்கம் தள்ளி வைத்து, "சாப்பிடு மச்சான், நல்லா மெலிஞ்சு போனாய்," என்பார். தொண்டைக்குள் வந்த சொல் இறாலோடு சேர்ந்து உள்ளே போய்விடும்.

கடைசி ஆட்டத்தன்று காலை அஜந்தா கிணற்றடியில் அவனை மறித்தாள். கையில் எண்ணெய்ப் போத்தல்.

"அவர்ர முழங்காலுக்கு இத நான்தான் பூசிற. வெளியில சொல்லாத எண்டு என்னட்ட சத்தியம் வாங்கினவர். இப்ப நான் உன்னட்ட சொல்லிட்டன். நீ என்ன செய்யப்போறாய்?"

"அக்கா, நான் எப்பிடிக்கா அத்தானப் போய்…"

"எப்பிடியோ. பறையடிக்கிற சத்தத்தில அந்த மனுசனுக்கு நோவும் தெரியா, வயசும் தெரியா. தானா வெளியில வரமாட்டார். நீ வெளியில எடுத்தா அவர் உன்னோட கதைக்கமாட்டார். எடுக்காட்டி நான் கதைக்கமாட்டன். ஆர் வேணும் எண்டு நீயே பாத்துக்க."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். உதயரூபன் வாளியைக் கிணற்றில் விட்டவன் இழுக்க மறந்து அப்படியே நின்றான். அத்தான் கதைக்காத வீடு எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். அவனுக்கு அது பயமாக இருந்தது.

அரங்கம் நிறைந்து வழிந்தது. எதிரே ஆடிய கொழும்பு அணி வழக்கம்போல மூன்று கால் பகுதியும் பின்னுக்கு நின்றது, வழக்கம்போல அதைப்பற்றிக் கவலைப்படவும் இல்லை. நாலாம் கால் பகுதி தொடங்கியபோது உதயரூபன் அத்தானை வெளியே எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எதிரணி சதீசனின் பக்கமாகப் புகுந்து ஒரு கூடை போட்டது, பிறகு அதே பக்கத்தால் இன்னொன்று. நிலோஜன் பந்தோடு தனியே நின்றும், கூடை நேரே தெரிந்தும், பந்தை அண்ணனுக்குக் கொடுத்தான். அங்கே இரண்டு பேர் காத்திருந்தார்கள். பந்து பறிபோனது. துரத்தப் போன சதீசன் பாதியில் நொண்டினார். நொண்டியதை யாராவது பார்த்துவிட்டார்களோ என்று சுற்றிப் பார்த்தார்.

அந்தப் பார்வைதான் உதயரூபனைத் தள்ளியது. அவனுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. வாங்கில் இருந்த லக்ஷனின் தோளைத் தட்டினான். "போ. ஏழாம் நம்பருக்குப் பதிலா," என்றான். அப்போதும் பெயர் வாயில் வரவில்லை.

மத்தியஸ்தர் கை காட்டினார். ஏழாம் இலக்கம் தான்தான் என்பதைச் சதீசன் நம்பாமல் ஒருகணம் நின்றார். பறை நின்றுவிட்டது. மேலே யாரோ உதயரூபனைத் தாயோடு சேர்த்து ஏசினார்கள். சதீசன் நடந்து வந்து, மச்சானைக் கடந்து, வாங்கின் கடைசி ஓரத்தில் போய் இருந்தார்.

கொஞ்ச நேரம் லக்ஷனின் புதுக்கால் ஈடுகொடுத்தது. பிறகு, ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருக்க, எதிரணி ஒரு புள்ளி முந்தியது. உதயரூபன் இடைவேளை கேட்டான். பொடியன்மார் சுற்றி வந்து நின்றார்கள். அவன் ஐஸ் பையை எடுத்துக்கொண்டு வாங்கின் அந்த ஓரத்துக்குப் போனான். அவர்களும் பின்னால் போக வேண்டியதாயிற்று. அத்தனை சனத்துக்கு முன்னால் அவன் சதீசனின் காலடியில் முழங்காலிட்டு, வலது சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

"ஆக்கள் பாக்கிறாங்க. எழும்படா," என்றார் சதீசன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்கட்டும்." சப்பாத்தைக் கழற்றினான். வீங்கிய முழங்காலில் ஐஸை வைத்துத் துணியால் கட்டினான். கட்டியபடியே, தலை நிமிராமல், பொடியன்மாரிடம் சொன்னான். "பந்து நிலோஜன்ட கையில. மத்த ஆக்கள் வழிய விடுங்க. நிலோஜன், நீதான் எறியிற. ஒருத்தருக்கும் குடுக்காத."

நிலோஜன் சதீசனைப் பார்த்தான். "அண்ணன்…" என்று இழுத்தான். சதீசன் முழங்கால் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் கரைந்த தண்ணீர் அவருடைய பாதத்தில் வழிந்து, உதயரூபனின் மோதிர விரலையும் நனைத்தது. மணி அடித்தது.

நிலோஜன் பந்தைத் தட்டிக்கொண்டு வாங்குப் பக்கமாகவே வந்தான். வழி திறந்திருந்தது, நேரம் போய்க்கொண்டிருந்தது. அவனோ பழக்கதோஷத்தில் கழுத்தைத் திருப்பி அண்ணனின் முகத்தைத் தேடினான். எல்லாம் போயிற்று என்றே உதயரூபன் நினைத்தான்.

சதீசன் வியர்வை துடைக்கத் தோளில் கிடந்த துவாயை இழுத்துத் தலையோடு முகத்தை மூடிக்கொண்டார்.

பார்ப்பதற்கு முகம் இல்லாமல் போகவே, பொடியன் திரும்பிக் கூடையைப் பார்த்தான். எறிந்தான்.

அரங்கம் இடிந்து விழுந்ததுபோல் சத்தம் எழுந்தது. பாஹிம் சாரத்தைத் தூக்கிக்கட்டிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். பொடியன்மார் நிலோஜனைத் தூக்கிவிட்டார்கள். அவன் அந்தரத்திலிருந்தபடியே அண்ணனைத்தான் தேடினான். உதயரூபனும் ஓடத்தான் எழுந்தான், கால் ஓடவில்லை. வாங்கில் இருந்தவரின் தலையில் துவாய் இன்னும் அப்படியே இருந்தது.

"விழுந்திச்சா?" என்று துவாய்க்குள்ளிருந்து குரல் வந்தது.

"விழுந்திச்சு, அத்தான்."

துவாய்க்குக் கீழே தோள்கள் குலுங்கின. சந்தோசமா, தன் ஆட்டக் காலம் முடிந்துபோன துக்கமா என்று கேட்டால் இரண்டும்தான். உதயரூபன் பக்கத்தில் நின்றான். அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. இனி இவர் தன்னோடு ஒரு சொல்லும் பேசப்போவதில்லை, இந்த ஒரு கேள்வியோடு சரி என்று நினைத்தான்.

சதீசன் மெல்ல இடது காலை முன்னுக்கு நீட்டினார்.

"மச்சான், மத்தச் சப்பாத்தையும் கழட்டிவிடு," என்றார்.