கழுத்து வரைக்கும் அத்தா

"அக்கா, நீலக் கலர்ல துணி ஏதாச்சும் கெடக்கா? ரெண்டு மீட்டர் போதும்" என்று பக்கத்து வீட்டு ஜைனுதீன் வாசலில் வந்து நின்றபோது நான் அன்புமொழி டீச்சரின் ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். மணி ஏழு இருக்கும். சவூதியிலிருந்து இரண்டு மாத லீவில் வந்த ஆள், வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவர் பெட்டியில் என்னென்ன வந்தது என்று பெட்டி திறந்த அன்றே எனக்குத் தெரியும். எனக்கென்று ஒரு தைலமும் அரைப் பாக்கெட் பேரீச்சம்பழமும் வந்தன. மீதி அரைப் பாக்கெட் யார் வீட்டுக்குப் போனது என்பதும் தெரியும், அதை விடுங்கள். நீலத் துணி எதற்கு என்று கேட்டேன். "பின்னாடி தொங்கவிடத்தான்க்கா" என்றார், பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்துவிட்டு வந்த பையன் முகத்தோடு.

விஷயம் எனக்கு ஏற்கெனவே பாதி தெரியும். என் தையல் மிஷின் ஜன்னலோரம் இருக்கிறது, ஜன்னல் அவர்கள் கூடத்தைப் பார்த்து இருக்கிறது. அறந்தாங்கியில் வாடகை வீடுகளை இப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார்கள், நான் என்ன செய்ய? ஜைனுதீன் போனபோது மகள் ஆஃபியாவுக்கு எட்டு மாதம். இப்போது நாலு வயது, எல்.கே.ஜி. நடுவில் அவர் வரவே இல்லை. ஆனால் தினம் மாலை ஏழரைக்கு, அங்கே டூட்டி முடிந்ததும், இமோவில் வீடியோ கால் வருவார். அவர் மனைவி ரம்லத், போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைப்பாள். கம்பெனித் தொப்பியோடு, அங்கே தங்கும் அறையில் கட்டிலைச் சுற்றித் தொங்கும் நீலத் திரைக்கு முன்னால் ஒரு முகம் வரும். அந்தப் பிள்ளை அந்த முகத்துக்குக் காட்டாதது கிடையாது. தட்டிலிருக்கும் சோறு, முழங்காலில் பட்ட சிராய்ப்பு, சொத்தைப் பல், எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டும். முடிந்ததும் போன் முழுக்க எச்சிலாக முத்தம் கொடுக்கும். ரம்லத் முந்தானையால் துடைத்து வைப்பாள்.

என் வீட்டுக்காரர் பால்ராஜ் லைன்மேன். கம்பத்திலிருந்து இறங்கி நேரே வீட்டுக்குத்தான் வருவார், அந்தக் குறை சொல்ல முடியாது. சோபாவின் இந்த முனையில் அவர் ஒரு போனைப் பார்ப்பார், அந்த முனையில் மகன் ஜெஸ்வின் இன்னொரு போனைப் பார்ப்பான். மூன்றடி தூரம். ஒருநாளாவது அவன் அவரிடம் தன் பல்லைக் காட்டி நான் பார்த்ததில்லை. அதனால் அந்த ஏழரை மணி எனக்கு வயிற்றெரிச்சலான நேரம்தான். ஒளிப்பானேன்?

திருச்சி ஏர்போர்ட்டிலேயே பிள்ளை அம்மாவின் பர்தாவுக்குள் புகுந்துகொண்டதாம். புது இடம், கூட்டம் என்று நினைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் ஆஃபியா என் ஜன்னலுக்கே கேட்கும்படி கேட்டாள்: "அம்மா, இந்த மாமா எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க?" ரம்லத் சிரித்துக்கொண்டே இதுதான்டி அத்தா என்று சொல்ல, பிள்ளை அவரைத் தலையிலிருந்து பாதம் வரை நிதானமாகப் பார்த்தாள். ஆறடி ஆள். "எங்கத்தாவுக்குக் காலெல்லாம் கெடையாது. கழுத்து வரைக்கும்தான்" என்றாள்.

அன்று ஏழரைக்குப் போனைத் தானே எடுத்துச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போன் வரவில்லை. எப்படி வரும், போன் பண்ண வேண்டிய ஆள் பின்னால் நின்று முழித்துக்கொண்டிருக்கிறாரே. மறுநாளும் அப்படியே. சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாள் ஜைனுதீன் ஒரு யோசனை செய்தார். பக்கத்தில் உட்கார்ந்தபடியே தன் போனிலிருந்து அழைத்து, இரண்டையும் சேர்த்துக் காட்டிவிட்டால் புரிந்துவிடும் என்று. பிள்ளை போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள். இந்த மாமா அத்தாவைப் பிடித்துத் தன் போனுக்குள்ளே போட்டுவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அதற்கப்புறம் கொஞ்ச நாள் மொட்டை மாடியிலிருந்து பேசிப் பார்த்தார். அங்கே இருட்டு. "அத்தா, ஒங்க நீலத் திரைய எங்க காணோம்?" என்று பிள்ளை கேட்டுவிட்டாள். அதனால்தான் என் வாசலில் நீலத் துணிக்கு வந்து நின்றது.

டீச்சரின் இன்னொரு ஜாக்கெட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த லைனிங் துணி அதே நீலம். என் வீட்டு அடுப்படிக்குப் போகும் வழியில் கொடி கட்டித் தொங்கவிட்டேன். கீழே ஒரு ஸ்டூல். தொப்பியைப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்ததும் அசல் சவூதிதான். மிஷின் சத்தம் கேட்கக் கூடாதென்று நான் தையலை நிறுத்திவிட்டு அங்கேயே இருந்தேன். ஒட்டுக்கேட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். சொந்த வீட்டில் காதைக் கழற்றி எங்கே வைப்பது?

பிள்ளை மூச்சு விடாமல் பேசினாள். ஒரு மாமா வந்திருக்காங்க அத்தா, முட்டையெல்லாம் அவங்களே சாப்பிடுறாங்க, அம்மா பக்கத்துல என் எடத்துல படுத்துக்குறாங்க, குறட்டை விடுறாங்க, நீங்க வந்து அனுப்பிவிட்டுருங்க. ஜைனுதீன் சரிம்மா, சரிம்மா என்று கேட்டுக்கொண்டார். முடிந்து தொப்பியைக் கழற்றியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இதுவரை எந்த ஆண் முகத்திலும் பார்த்ததில்லை. கடையில் ஒரு பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு, கடைக்குப் போய் வருகிறவரைப் போல வீட்டுக்குள் போனார். மாமா வந்துட்டாங்க என்று பிள்ளை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்படியே இருபது நாளுக்கு மேல் ஓடியது. இதற்குள் இட்லிக் கடை மூக்காயி, ஜைனுதீன் தினம் ஏழு மணிக்கு என் வீட்டுக்குள் போவதையும் எட்டு மணிக்கு வெளியே வருவதையும் குறித்து வைத்துக்கொண்டு, "என்ன ஜெயராணி, விருந்தாளி எல்லாம் பலமோ?" என்றாள். இருபது வருடமாக இந்தத் தெருவைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்லி வந்தவள் நான். என்னைப் பற்றி ஒருத்தி பேச ஆரம்பித்தால் எப்படியிருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. ரம்லத்துக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவளுக்கு வேறொன்று. "போன்ல மககிட்ட கொஞ்சுறதுல கால்வாசி எங்கிட்ட நேர்ல பேசுனதில்லக்கா. வீட்டுக்கு வந்தா கரன்ட் பில் எவ்வளவுங்கிறாங்க" என்றாள்.

ஜைனுதீனின் சந்தோஷம் மெல்ல மெல்லக் கெட்டது. அது மூன்று சக்கர சைக்கிளில் ஆரம்பித்தது. கடைத்தெருவில் வாங்கி, ஆட்டோ கிடைக்காமல், வெயிலில் தோளில் சுமந்துகொண்டு வந்தார். ஆஃபியா அதில் ஏறித் தெருவை நாலு சுற்றுச் சுற்றி, நின்ற இடத்திலெல்லாம் சொன்னாள், இது எங்கத்தா அந்த மாமாகிட்ட குடுத்துவிட்டது என்று. கவுன், கலர் பென்சில், பேசும் பொம்மை, எல்லாம் அதே கணக்கில்தான் சேர்ந்தன. கரன்ட் போன அன்று ராத்திரி முழுக்க விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும்கூட, அத்தா சொல்லித்தான் மாமா விசிறினார் என்று ஆகிவிட்டது. ஒருநாள் கொடியில் துணியைச் சரிசெய்தபடியே அவர் சொன்னார்: "அவன் என்னக்கா செஞ்சான்? உக்காந்த எடத்துல உக்காந்து வாய் பேசுறான். சைக்கிளத் தூக்கிட்டு வந்து தோள்பட்ட வீங்குனது எனக்கு." எவனைச் சொல்றீங்க தம்பி என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். பங்காளியிடம் சொத்தைப் பறிகொடுத்தவன்கூட அப்படிப் பேசமாட்டான்.

நாற்பத்தெட்டாம் நாள் அது நடந்தது. ஆஃபியா ஒரு படம் வரைந்து போனில் காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். அம்மாவுக்குப் பெரிய பர்தா, இவளுக்கு இரண்டு குச்சிக் கால்கள், மேலே மூலையில் தொப்பியோடு ஒரு வட்டம். வட்டத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. சுற்றிலும் நீலம் அடித்திருந்தாள். "மாமாவ எங்கம்மா காணோம்?" என்று ஜைனுதீன் கேட்டார். "மாமாவ நான் வரையல. அவங்கதான் போயிருவாங்கள்ல" என்றாள் பிள்ளை.

"நீ கெட்ட புள்ள. ஒங்கூட இனி பேசமாட்டேன் போ" என்று சொல்லி அவர் போனை அணைத்துவிட்டார். தொப்பியைக் கழற்றக் கை வரவில்லை. பக்கத்து வீட்டில் அழுகை கிளம்பியது. நான் சொன்னேன், தம்பி போங்க, போய்த் தூக்குங்க. எழுந்தவர் என்னைப் பார்த்து, "இருக்கட்டும்க்கா. அவன் கெட்டவனானாத்தான் நான் நல்லவனாவேன்" என்றார். சொல்லிவிட்டு, அந்த நிலையிலும், கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அழுகிற பிள்ளையைத் தூக்கினார். அவள் இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் அடித்தாள். "நீங்க வந்ததுனாலதான் அத்தா கோவிச்சுக்கிட்டாங்க" என்றாள்.

அடுத்த மூன்று நாளும் நீலத் துணி கொடியில் சும்மா கிடந்தது. டீச்சர் இரண்டு முறை வந்து, லைனிங் கிடைக்கலையா என்று கேட்டுவிட்டுப் போனார். கிடைக்கவில்லை என்று சொன்னேன், அது அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. லீவில் இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை ஜைனுதீன் ஒரு கார் பிடித்தார், திருமயம் கோட்டைக்கு. துணைக்கு நீங்களும் வாங்கக்கா என்று ரம்லத் கூப்பிட்டாள். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டுவிட்டுப் போகலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அதற்குள் புடவை மாற்றி முடித்திருந்தேன்.

கார் புறப்பட்டதிலிருந்தே மனிதர் ஓயவில்லை. ஜன்னல் சீட் கொடுத்தார். வழியில் நுங்கு வாங்கினார். கோட்டை வாசலில் பஞ்சுமிட்டாய், சோப்பு நுரை ஊதும் டப்பா, ஒரு பலூன். பீரங்கியைக் காட்டி டமார் என்று சத்தம் போட்டு நடித்துக் காட்டினார். வேறு யார் பிள்ளைகளோ சிரித்தன. ஆஃபியா எல்லாவற்றையும் மரியாதையாக வாங்கி அம்மாவின் பையில் போட்டாள். பார்க்கப் பாவமாக இருந்தது. இப்படி என்னைச் சிரிக்க வைக்க ஒருவர் வேர்த்து ஒழுகி நின்றதில்லையே என்று இன்னொரு பக்கம் எரியவும் செய்தது. இரண்டும் ஒரே வயிற்றில்தான் இருந்தன.

பாறையில் ஏறும்போது பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "பெரிம்மா, மேல போனா சிக்னல் நல்லா கெடைக்குமா?" என்று கேட்டாள். வீட்டில் நெட் சுற்றும்போதெல்லாம் ரம்லத் மொட்டை மாடிக்குத்தான் ஏறுவாள், அதைப் பார்த்து வளர்ந்தது. நான் யோசிக்காமல், ஆமாடி தங்கம், உச்சியில ஜோரா கெடைக்கும் என்று சொல்லி வைத்தேன். சொன்னபிறகுதான் அவள் எதற்கு இவ்வளவு வேகமாக ஏறுகிறாள் என்று விளங்கியது.

மேலே காற்று பிய்த்துக்கொண்டு போனது. கீழே ரோட்டில் பஸ்கள் தீப்பெட்டி அளவில் ஊர்ந்தன. ரம்லத் மூச்சு வாங்க உட்கார்ந்ததும் ஆஃபியா அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். அத்தா படத்தை அழுத்தத் தெரியும் அவளுக்கு. அழுத்தினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலடி தள்ளிப் போய் அழுத்தினாள். ஒரு கல்லின் மேல் ஏறி அழுத்தினாள். சுற்றுச்சுவரிடம் போய்க் குதிகாலை உயர்த்தினாள், ரம்லத் பதறிப் பிடித்து இழுத்தாள். பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே உயரமானது எது என்று சுற்றும் முற்றும் தேடினாள். பீரங்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நான் நாலே முக்காலடி. கடைசியில், தள்ளி நின்று பலூனைக் கையில் சுற்றிக்கொண்டிருந்த ஜைனுதீனிடம் போனாள். நிமிர்ந்து அவரை அளந்தாள். இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

"தூக்குங்க மாமா. இன்னும் மேல."

வந்து ஐம்பத்தோரு நாளில் அவள் தானாகக் கை நீட்டியது அதுதான் முதல் தடவை. அவர் பலூனை விட்டுவிட்டார். குனிந்து அவளை எடுத்துத் தோளில் உட்கார வைத்தார். வீங்கின தோள்தான். அவள் இரண்டு கால்களும் அவர் மார்பில் தொங்கின, இரண்டு கணுக்காலையும் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மேலே பிள்ளை ஒரு கையால் போனை வானத்துக்கு நீட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள்.

அவர் சட்டைப் பை அடித்தது.

பிள்ளை தன் காலுக்குக் கீழே ஏதோ துடிப்பதைக் குனிந்து பார்த்தாள். பிறகு தன் போனைப் பார்த்தாள். ரம்லத் என் கையைப் பிடித்து அழுத்தினாள். எடுத்தால் முகத்துக்குப் பின்னால் நீலம் இருக்கிறது, வானம் முழுக்க. இன்று என் லைனிங் துணி தேவையில்லை. ஆனால் எடுக்க வேண்டுமென்றால் அவர் ஒரு கணுக்காலை விட வேண்டும்.

அவர் விடவில்லை. பை அடித்துக்கொண்டேயிருந்தது. காற்று ஒரு தள்ளுத் தள்ளியது, தோளில் ஆடிய பிள்ளை விழாமலிருக்க இன்னொரு கையால் அவர் தலைமுடியைக் கொத்தாகப் பற்றிக்கொண்டு, போனை இன்னும் கொஞ்சம் உயரமாக நீட்டினாள்.