ஜனவரிக் கட்டம்

மூன்றாம் முறையும் கடப்பாறை எகிறித் தெறித்ததும் ஹம்தம் அதைக் கீழே போட்டுவிட்டு உள்ளங்கையை ஊதிக்கொண்டான். நமன்கான் நகரத்து ஜனவரிக் குளிர் முற்றத்து மண்ணைக் கல்லாக்கியிருந்தது. விடியலில் இறந்த அவனுடைய அண்ணன் எர்கினைக் குளிப்பாட்ட வேண்டும். குளிப்பாட்டிய நீர், பிறர் கால் படாத இடத்தில் வெட்டிய குழிக்குள் போக வேண்டும்.

"இங்க ஆகாது அண்ணி. அந்தச் சுவரோரமா வெட்டிடட்டா?"

திண்ணையில் நின்ற சனோபர் அந்தப் பக்கம் திரும்பினாள். சுவரோரம் இருந்தது அவள் கணவரின் பாத்தி. பேருந்துப் பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றபின், ஆண்டு முழுவதும் பூக்கும் தோட்டமொன்றைப் பழைய சுவர்த்தாளின் பின்புறம் பன்னிரண்டு கட்டங்களாக வரைந்தார் எர்கின். ஆறு ஆண்டுகளில் பதினொன்று பூத்துவிட்டன. ஜனவரிக்காகச் சென்ற இலையுதிர் காலத்தில் மலைச்சரிவிலிருந்து பனிப்பூக் கிழங்குகளைக் கொண்டுவந்து நட்டு, வைக்கோலால் மூடி, யாரும் மிதிக்காதபடி கயிறும் கட்டினார். பிறகு படுக்கையில் விழுந்தார். வைக்கோலை விலக்கினால் குளிர் இறங்கிவிடும் என்று அவளை எச்சரித்துவிட்டு, நாள்தோறும் கேட்டார்: "மொளச்சிருக்கா?"

வைக்கோலின் மேல் எதுவும் தெரியவில்லை. நேற்று மாலையும் அவள் "இல்ல" என்றே சொன்னாள்.

"வேற எடம் பாரேன், ஹம்தம்."

"எங்க? பாதி சிமென்ட்டு, மீதி பனிக்கட்டி." அவன் கயிற்றை அவிழ்த்து வைக்கோலை வாரினான். "நமக்கு ரெண்டு கம்பளி, இதுக்கு நாலு அடுக்கு மெத்தை! ஏன் அண்ணி, அண்ணன் பூண்டா போட்டிருக்காரு? மொள விட்டிருக்கு பாருங்க."

அவள் இறங்கி வந்து குனிந்தாள். ஏழெட்டு முளைகள், விரல் நுனி உயரம். ஒன்றில் வெள்ளை மொட்டு வாய் திறக்கத் தொடங்கியிருந்தது. ஒருநாளில் வந்த உயரமன்று.

உள்ளேயிருந்து, குளிப்பாட்ட வந்த பெரியவர் குரல் கொடுத்தார்: "தண்ணி ஆறுதுடா! மய்யித்தக் காக்க வெக்காத!"

"பூண்டுதானே?" என்றான் ஹம்தம்.

"ஆமா. வெட்டு."

மண் வெண்ணெயாக வழிவிட்டது. நீர் உள்ளே போனதும் குழியைத் தூர்த்து, மண்வெட்டியின் முதுகால் தட்டிச் சமன் செய்தான். ஆண்கள் உடலைச் சந்தூக்கில் வைத்துத் தோளில் ஏற்றி விரைந்தனர். பெண்கள் வாசலோடு நின்றனர்.

அவர்கள் அடக்கம் முடித்துத் திரும்புவதற்குள், அந்த இடமும் மற்ற முற்றத்தைப் போலவே இறுகி வெளுத்திருந்தது.