மொழிபெயர்ப்பாளர் விழுங்கிய வாக்குமூலம்

தன் கழுத்தில் தானே விரல் வைத்துக் காட்டிக்கொண்டு நிற்கிறாள் ஜைத்தூன், இங்கதாம்மா, ரெண்டு கையாலயும் நெரிச்சாரு, கண்ணு இருட்டிப் போச்சு, உசுரு போகப் போவுதுன்னு கலிமாவே சொல்லிட்டேன், கணவன் அழைப்பாணை போயும் வரவில்லை, இனி அவளுக்கு மணவிலக்கு கிடைப்பதும் கிடைக்காததும் அவள் வாய்ச்சொல்லில்தான் இருக்கிறது, அதை மலாயில் சொல்ல வேண்டிய மொழிபெயர்ப்பாளர் உதுமான் கனி ஹாஜியாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, கணவன் மனைவிக்குள் சின்ன மனஸ்தாபம், என்கிறார், அட அல்லாஹ்வே, நீதிபதி சபூராவின் பேனா அப்படியே நின்றுவிடுகிறது.

மலேசியாவின் இந்தக் கடற்கரை ஊரில், ஷரியா நீதிமன்றத்தில் நீதிபதியாக உட்கார்ந்த முதல் பெண் அவள், வீட்டில் பேசுவது தமிழ், ஆனால் பதிவில் ஏறுவது மொழிபெயர்ப்பாளர் சொல்வது மட்டும்தான், அதுதான் முறை, சின்ன மனஸ்தாபம், இதை எங்கே கேட்டாள், எங்கேயா, அவளுக்குப் பன்னிரண்டு வயது, கூடப்பிறந்த மர்ஜான் லாத்தா, புருஷன் அடித்து வீங்கிய உதட்டை முக்காட்டால் மறைத்தபடி, குடும்ப வழக்கு தீர்க்கும் காஜியார் முன்னால் நிற்கிறாள், பெற்ற அத்தாதான் அவளுக்காகப் பேசுகிறார், சின்ன மனஸ்தாபந்தான் ஹஜ்ரத், சேத்து வச்சிருங்க, காஜியாரும் நல்ல மனிதர், துஆ ஓதி அனுப்பிவைக்கிறார், எல்லாம் தெரிந்த சபூரா பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள், லாத்தா அந்தப் புருஷன் வீட்டில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினாள், பாவி நான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா.

ஹாஜியார், அவங்க சொன்னத அப்படியே சொல்லுங்க, என்கிறாள் இப்போது, தமிழிலேயே, அவர் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறார், நம்ம புள்ளைங்கம்மா, இதெல்லாம் வெளிய தெரிஞ்சா நல்லாவா இருக்கும், நம்ம ஆளுங்கள என்ன நெனப்பாங்க, அத்தாவின் முகமேதான், அதே மானம், அதே பயம், கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது, நீங்க சத்தியம் பண்ணிட்டு நிக்கிறீங்க ஹாஜியார், என்கிறாள், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடைந்த குரலில், கழுத்தை, இரண்டு கையை, கலிமாவை ஒவ்வொன்றாக மலாயில் சொல்லச் சொல்ல, சபூரா தன் கைப்பட எழுதுகிறாள்.

எழுதியதைத் தமிழில் ஜைத்தூனுக்கு வாசித்துக் காட்டும்படி ஹாஜியாரிடம் சொல்கிறாள், வாசிக்கிறார், சரியா இருக்காம்மா, என்று கேட்கிறாள், ஜைத்தூன் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறாள், சரிதாம்மா, இதுக்கு முன்னாடி இருந்த நீதிபதிகிட்ட ரெண்டு தடவ வந்தப்பவும் இந்த ஹாஜியார்தான் நின்னாரு, அப்பவும் இதத்தானேம்மா சொன்னேன்.