கல்சட்டியில் கொரியாச் சோறு

சௌந்தர்யா சட்டியைக் கொண்டுவந்து கணவன் முன்னால் பலகைமேல் வைத்தபோதும் அதற்குள் சோறு பொரிந்துகொண்டுதான் இருந்தது. கல்சட்டி அல்லவா, அடுப்பை விட்டு இறக்கினாலும் லேசில் சூடு அடங்காது. சிவக்குமார் எட்டிப் பார்த்தான். நல்லெண்ணெயில் வதக்கிய கேரட், பாலக்கீரை, காளான், முளைகட்டிய பாசிப்பயறு என்று ஒவ்வொன்றும் தன் நிறம் கெடாமல் சோற்றைச் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் கரு உடையாத முட்டை. பக்கத்தில் ஒரு கரண்டி சிவப்பு விழுது. தின்பதற்காகச் செய்தது என்றே தோன்றவில்லை.

"என்ன புள்ள இது?"

"கொரியாக்காரங்க சோறுங்க. நாம் பாக்கற தொடர்ல தெனமும் இதத்தான் திங்கறாங்க."

போன வாரம் அவனை அஸ்தம்பட்டி டாக்டரிடம் கூட்டிப்போனவள், திரும்பும்போது கடை கடையாகத் தேடி அந்த மிளகாய் விழுதை வாங்கியிருந்தாள்.

சிவக்குமார் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை பார்த்தவன். வடக்கே போர் போடும்போது இரும்புக் குழாய் நழுவி வலக்கைமேல் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, விரல்கள் மடங்கவில்லை, தொட்டால் தெரிவதுமில்லை. அன்றிலிருந்து சௌந்தர்யாதான் பிசைந்து ஊட்டுகிறாள். இடக்கையால் தின்ன அவனுக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்பூனைக் கொடுத்தால் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறதென்று தள்ளிவிடுவான். எருமப்பட்டியில் மச்சினன் வீட்டு விருந்துக்குக்கூடத் தலைவலி என்று சொல்லிவிட்டான். அவள் கையை எதிர்பார்த்து வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் கூசும். நாலு வாய்க்குமேல் போதும் என்பான்.

இன்றும் அப்படித்தான் காத்திருந்தான். அவளோ பெரிய ஸ்பூன் ஒன்றை அவன் இடப்பக்கம் வைத்தாள்.

"இதெ நல்லாக் கலக்கோணுமுங்க. நீங்க கலக்கி வையுங்க, நாந் தண்ணி மோந்துட்டு வாரேன்."

"நானா?"

"பொறவு ஆரு? ரெண்டு பேருக்கும் இதுதான். உட்டா அடி தீஞ்சு போயிருமுங்க."

உள்ளே போனவள் வரவேயில்லை. சட்டியடியில் சோறு முறுகும் வாசம் எழுந்தது. கூப்பிட வாயெடுத்தவன், என்ன நினைத்தானோ, ஸ்பூனை இடக்கையில் எடுத்தான். முதல் குத்திலேயே சட்டி வழுக்கிச் சுழன்றது. விளிம்பில் சுற்றியிருந்த துணிமேல் வலக்கையை வைத்து அழுத்திக்கொண்டு மறுபடி கிளறினான். கரு உடைந்து சிவப்பு விழுதோடு இறங்கியது. அடியிலிருந்து பொன்முறுவலாகப் பருக்கைகள் புரண்டு மேலே வந்தன. கீரையும் கேரட்டும் சோறும் அவன் கைக்கு இணங்கி ஒன்றாகிக்கொண்டிருந்தன. எத்தனை காலமாயிற்று இப்படி ஒரு வாய்ச் சோறு கலந்து! அவனுக்கு மூச்சு வாங்கியது. துணி நழுவியதை அவன் கவனிக்கவில்லை.

"ஐயோ, கையெ எடுங்க! வெந்துருமுங்க!" சௌந்தர்யா சொம்போடு ஓடிவந்தாள்.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டவன் அதையே உற்றுப் பார்த்தான்.

"சுட்டுச்சு புள்ள."

"என்னங்க?"

"இந்தச் சின்ன வெரலு. சுட்டுச்சு."

சொம்பில் தண்ணீர் தளும்பியது. அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. ஆவி இருவருக்கும் நடுவில் எழுந்துகொண்டிருந்தது. சிவக்குமார், தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடப்போகிறவன்போல, அந்த ஒற்றை விரலைச் சட்டியின் விளிம்பை நோக்கி மெல்ல நீட்டினான்.