புகார்ப் படிவத்தில் ஒரு நன்றி

தவக்காலம் வந்தால் எதையாவது விட வேண்டும். பாலக்கரையில் பாதிப் பேர் கறியை விட்டார்கள், சிலர் சிகரெட்டை. ஒருவர் மாமியாரோடு போடும் சண்டையை விட்டார். ஸ்தனிஸ்லாஸுக்குத்தான் விட ஒன்றுமில்லை. கிட்னி போன மூன்று வருஷத்தில் டாக்டரே எல்லாவற்றையும் விடவைத்துவிட்டார்: உப்பு, வாழைப்பழம், இளநீர், கருவாடு, கடைசியில் தண்ணீர். நாளுக்கு முக்கால் லிட்டர், காபியும் அதில் அடக்கம்.

"விடுறதுக்கு மிச்சம் எதுவுமே இல்லை ஃபாதர்," என்றார் சாம்பல் புதனன்று.

"ஏன் இல்லை? வாய் இருக்கே," என்றார் பங்குத்தந்தை. "ஈஸ்டர் வரைக்கும் குறை சொல்றதை விடுங்க. குறை சொல்லத் தோணுற இடத்துல எல்லாம் நன்றி சொல்லுங்க."

ஃபாதருக்கு இதில் கொஞ்சம் சொந்த லாபமும் உண்டு. ஸ்தனிஸ்லாஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். புகார் அவருக்குக் குணமில்லை, உத்தியோகம். பஸ் இரண்டு நிமிஷம் தாமதமானால் மூன்று வரி எழுதுவார். ரிட்டயரான பிறகு அதே கண்டிப்போடு பூசை நேரத்தைக் குறிக்க ஆரம்பித்திருந்தார்.

ஆனால் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். ஊசி ஏறும்போது "நன்றி ஆண்டவரே" என்றார். நாக்கு வறளும்போது, சிலுவையில் தொங்கியவருக்கும் இதே தாகம்தானே என்று நினைத்து அதற்கும் ஒரு நன்றி. ஆச்சரியம் என்னவென்றால், அது வேலை செய்தது. மூன்று வருஷத்தில் முதல்முறையாக ராத்திரி தூங்கினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

டயாலிசிஸ் ஸ்ரீரங்கத்தில், ஓர் அறக்கட்டளையின் இலவச மையத்தில். செவ்வாய், வியாழன், சனி. ஏழாம் நம்பர் மெஷின். மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொள்ளும், ஈரத் துணியைப் பிழிவதுபோல. கூட வந்தவர்கள் உள்ளே வரக் கூடாது என்பது விதி. நர்ஸ் பிரேமலதா அந்த நேரத்தில் மட்டும் ஒரு ஸ்டூலைப் போட்டு, "வாங்கம்மா, அப்பா காலைப் பிடிச்சு விடுங்க," என்று அவர் மனைவி இருதயமேரியை உள்ளே விட்டுவிடுவாள்.

மூன்றாவது வாரம், இவளுக்கு நன்றி சொல்லாமல் ஆண்டவருக்குச் சொல்லி என்ன பயன் என்று ஸ்தனிஸ்லாஸுக்குத் தோன்றியது. கவுண்டரில் பேப்பர் கேட்டார். இருந்தது ஒரே படிவம், புகார்ப் படிவம். படிவத்தைக் கண்டால் அவருக்குக் கை நிற்காது. ஒரு கட்டம் விடாமல் நிரப்பினார்.

புகாருக்கு உள்ளானவர்: பிரேமலதா, நர்ஸ். சம்பவம்: விதி இருந்தும் மனம் இரங்கி என் மனைவியை உள்ளே அமரவைக்கிறார். எத்தனை முறை: சுமார் நூற்றைம்பது. கோரும் நடவடிக்கை: தகுந்த பாராட்டு.

சனிக்கிழமை போனபோது ஸ்டூல் இல்லை. பிரேமலதாவும் இல்லை. இருதயமேரியைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

"உங்க படிவத்தை உடனே கவனிச்சாச்சு சார்," என்றார் மேனேஜர் ரெங்கராஜ். "அந்தம்மாவை வேலையிலேர்ந்து நிறுத்தி வச்சிருக்கோம்."

"ஐயோ, நான் நன்றி சொல்லித்தானே எழுதினேன்?"

"நன்றி சொன்னா என்ன, திட்டினா என்ன சார்? சம்பவம் நடந்திருக்குல்ல? நூத்தைம்பது தடவை!"

புது ஆள் வளவன் மூன்று தடவை குத்தித்தான் நரம்பைப் பிடித்தான். மூன்றாவது மணி நேரத்தில் கால் முறுக்கியது. குறை சொல்லக் கூடாது. ஸ்தனிஸ்லாஸ் கூரை அதிர, "நன்றி ஆண்டவரே!" என்று கத்தினார்.

எட்டாம் மெஷினில் படுத்திருந்த அப்ரார் பாய் வளவனைக் கூப்பிட்டார். "தம்பி, இவர் வேண்டுறாரா, வையிறாரா?"

திரும்பும்போது பஸ் காவேரிப் பாலம் தாண்டியதும் இருதயமேரி அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க குறை சொன்னப்ப ஊருக்குத் தொல்லை, அவ்வளவுதான். நன்றி சொல்ல ஆரம்பிச்சீங்க, ஒருத்தி பொழப்பே போச்சு. அந்த மேனேஜர் மேல ஒண்ணு எழுதிப் போடுங்க."

"ஈஸ்டருக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு மேரி."

"அதுவரைக்கும் அந்தப் பொண்ணு வீட்டு அடுப்பும் விரதமா?"

செவ்வாயன்று ரெங்கராஜ் ஒரு வழி சொன்னார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் விசாரணை முடிந்துவிடும். வாசகம் தயாராக அச்சடித்தே இருந்தது: 'மேற்படி ஊழியர் எனக்கு எந்த நன்மையும் செய்யவில்லை.' மூன்று காப்பி. மூன்று கையெழுத்து.

இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்த பேதுருவுக்காவது குளிர் காய நெருப்பு இருந்தது. இவருக்கு மேனேஜரின் ஏ.சி. மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். ஒரு காப்பி ஆபீசுக்கு, ஒன்று அறக்கட்டளைக்கு, ஒன்று பிரேமலதாவுக்கு.

அடுத்த செவ்வாய் பிரேமலதா வந்துவிட்டாள். ஸ்தனிஸ்லாஸுக்குக் கண் நிறைந்தது.

"ஏழாம் நம்பர், கையை நீட்டுங்க."

ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. அவள் கை அப்படி.

"சிஸ்டர்... மேரி வெளியில நிக்கிறா."

"பத்து நாள் சார்," என்றாள் பிரேமலதா, டியூபைப் பார்த்துக்கொண்டே. "வீட்டுல சொல்லலை. டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு வந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுல சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன்." சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே விரித்தாள். "எந்த நன்மையும் செய்யலைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நல்லது. இனிமே அது பொய்யாகாம நான் பார்த்துக்கறேன்."

மூன்றாவது மணி நேரம் சரியாக வந்தது. தாமதமே இல்லாமல் வருவது அது ஒன்றுதான். கால் முறுக்கியது. பிரேமலதா விதிப்படி ரத்த அழுத்தம் பார்த்தாள், விதிப்படி குறித்தாள், விதிப்படி நகர்ந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் இருதயமேரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து, புடவையைக் கணுக்காலுக்கு மேல் இழுத்துக்கொண்டு, தன் கெண்டைக்காலையே இரண்டு கையாலும் பிடித்துப் பிசைய ஆரம்பித்தாள். அவரைப் பார்த்தபடி, அதே அழுத்தத்தில், அதே இடத்தில்.

வலி குறையவில்லை. இம்மியும் குறையவில்லை. ஸ்தனிஸ்லாஸ் அவளையே பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல், நன்றி ஆண்டவரே என்றார். யாரும் சொல்லாமலே இன்னொரு தடவையும் சொன்னார்.

பிரேமலதா திரும்பினாள். "என்ன? ஏதாவது சொன்னீங்களா?"

"இல்லம்மா," என்றார் அவசரமாக. "யாரும் ஒண்ணும் செய்யலை."